ஒரு பாடசாலையைக் காட்டுவதா, இரண்டைக் காட்டுவதா?
அரசாங்கப் பாடசாலைகளின் வறுமை பற்றிய விவரணப்படங்கள் – குழுவாகக் கற்பதற்கான ஒரு பாடம்

அளவெட்டிக்கு விவரணப்படம் புதிதான ஒன்றல்ல. இவ்வூரில் வாழ்ந்து 1975 இல் மறைந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தியைப் பற்றித் தமிழகத்து நெறியாளர் அம்ஷன் குமார் எடுத்த படம் இந்திய தேசிய விருதைப் பெற்றது. ஊரின் பெருமையைப் படமாக்க ஒருவர் வந்தால் ஊரவர் எல்லாரும் மகிழ்ச்சியோடு முன்வருவர். ஊரின் குறையைப் படமாக்க வந்தால் நிலைமை வேறாகிவிடும். அதிலும் பாடசாலையின் குறை என்றால், அது அதிபரின் குறையா, பெற்றோரின் குறையா, அரசாங்கத்தின் குறையா என்ற வாக்குவாதம் தொடங்கிவிடும். இடையில் பிள்ளையின் முகம் மட்டும் திரையில் நிற்கும்.

இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவரும் பத்து நிமிடப் படம் ஒன்றை எடுத்து உலகெங்கும் அனுப்பிவிடலாம். வெளிநாட்டு உறவுகளிடம் உதவி கேட்பதற்காகப் பாடசாலைகளைப் பற்றிய சிறு படங்கள் பல எடுக்கப்படுகின்றன. ஆகவே, இத்தகைய படங்கள் எதைக் காட்டுகின்றன, எதை மறைக்கின்றன என்பதைக் கிராம மட்டத்தில் நாம் கூடியிருந்து சிந்திப்பது அவசியம். மாதர் சங்கம், இளைஞர் மன்றம், சனசமூக நிலையம், பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஆகியவற்றில் ஓரிரு அமர்வுகளில் படித்துக் கலந்துரையாடத் தக்கதாக இப்பாடம் அமைக்கப்பட்டுள்ளது.

1. வறுமை வேறு, சமத்துவமின்மை வேறு

ஒழுகும் கூரை, கால் உடைந்த மேசை, கதவில்லாத மலசலகூடம், செருப்பில்லாத பாதம் ஆகியவை வறுமையின் அடையாளங்கள். இவற்றைக் கமராவில் பிடிப்பது இலகு. பார்ப்பவர் மனம் இளகும். சிலர் பணமும் அனுப்புவர்.

சமத்துவமின்மை அவ்வாறு ஒரு பொருளில் தங்கியிருப்பதில்லை. அது இரண்டு பொருட்களுக்கு இடையே உள்ள உறவு. ஒழுகும் கூரையை மட்டும் காட்டினால் அது வறுமை. நான்கு மைல் தொலைவில் மூன்று மாடிக் கட்டடத்தோடு நிற்கும் இன்னோர் அரசாங்கப் பாடசாலையையும் காட்டி, இரண்டும் ஒரே திணைக்களத்தின் கீழ் இருந்தும் ஏன் இப்படி ஆயின என்று கேட்டால்தான் அது சமத்துவமின்மையாகத் தெரியும். முதலாவது படம் இரக்கத்தைக் கேட்கிறது. இரண்டாவது படம் நியாயத்தைக் கேட்கிறது.

யாழ்ப்பாணத்தவராகிய எமக்கு இந்த வேறுபாடு வரலாற்றிலேயே தெரிந்த ஒன்று. 1930 ஐ அண்டிய ஆண்டுகளில் எமது பாடசாலைகளில் எழுந்த பெரும் பிரச்சினை வாங்கு இல்லை என்பதல்ல. இருந்த வாங்கில் யார் இருக்கலாம் என்பதே. ஒடுக்கப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டனர். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்று அரசாங்கம் பணித்தபோது அதற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சில பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அக்காலத்தில் எவரேனும் வகுப்பறையின் வாங்குகளை மட்டும் படம் பிடித்திருந்தால், அது வசதியான பாடசாலையாகவே திரையில் தெரிந்திருக்கும்.

2. விவரணப்படத்தின் தொடக்க கதையில் இலங்கையும் உண்டு

விவரணப்படம் என்ற கலை பிரித்தானியாவில் 1930 களில் ஜோன் கிரியர்சன் என்பவரின் தலைமையில் ஓர் இயக்கமாக வளர்ந்தது. அவரது குழுவைச் சேர்ந்த பசில் றைற் 1934 இல் ‘சோங் ஒவ் சிலோன்’ என்ற புகழ்பெற்ற படத்தை எமது நாட்டில் எடுத்தார். அதற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. படம் அழகானது, இன்றும் உலகெங்கும் திரைப்பட மாணவர்கள் அதைக் கற்கின்றனர். ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்ணின் கூலியையோ, அவள் குடும்பம் வாழ்ந்த லயன் அறையையோ அது பேசவில்லை. தேயிலை விற்பதற்காக எடுத்த படத்தில் அவை இடம்பெறாதது வியப்பல்ல.

அதே பசில் றைற் 1937 இல் ‘பள்ளியில் பிள்ளைகள்’ என்ற பொருள்படும் பெயரில் இன்னொரு படம் எடுத்தார். பிரித்தானியாவின் அரசாங்கப் பாடசாலைகளைப் பற்றிய அப்படத்துக்கு எரிவாயுக் கம்பனிகளின் சங்கம் பணம் கொடுத்தது. அப்படம் முதலில் காற்றும் வெளிச்சமும் உள்ள புதிய பாடசாலைகளைக் காட்டியது. அதன் பின்னர் இடிந்து விழும் நிலையிலிருந்த பழைய கட்டடங்களையும், நெரிசலான வகுப்புக்களையும் காட்டியது. நல்லதை முதலில் பார்த்த பார்வையாளர், குறைந்ததைப் பார்க்கும்போது “ஏழைப் பாடசாலை இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லித் தப்ப முடியாமற் போனது. நாடு செய்யக்கூடியது எது என்பதைக் கண்ணால் கண்ட பிறகு, செய்யாமல் விட்டது குற்றமாகத் தெரிந்தது.

இவ்விரண்டு படங்களையும் எடுத்தவர் ஒருவரே. பணம் கொடுத்தவரும் நோக்கமும் மாறியபோது படத்தில் தெரிந்த உலகமும் மாறியது. எந்தப் படத்தைப் பார்த்தாலும் “இதற்குப் பணம் கொடுத்தவர் யார், எதற்காக?” என்பது நாம் கேட்க வேண்டிய முதல் வினா.

3. இரண்டையும் அருகருகே வைத்த படங்கள்

ஐக்கிய அமெரிக்கா செல்வந்த நாடு. ஆயினும் அங்கே அரசாங்கப் பாடசாலைகளின் வருமானத்தில் பெரும் பங்கு அவ்வவ்விடத்து வீடு, காணி ஆகியவற்றின் மீதான வரியிலிருந்து வருகிறது. பெறுமதியான வீடுகள் உள்ள பகுதிப் பாடசாலைக்குப் பணம் நிறையக் கிடைக்கும். ஏழைகள் வாழும் பகுதிப் பாடசாலைக்குக் குறையும். இந்த விதியை ஜொனதன் கோசோல் என்ற எழுத்தாளர் 1991 இல் வெளியிட்ட நூலில் அம்பலப்படுத்தினார். அந்நூலின் தூண்டுதலால் 1996 இல் ‘அமெரிக்கப் பாடசாலைகளில் பிள்ளைகள்’ என்ற பொருள்படும் விவரணப்படம் பொதுத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. ஒகாயோ மாநிலத்தின் ஏழைப் பாடசாலைகளையும் செல்வந்தப் பாடசாலைகளையும் அது அருகருகே வைத்தது. அம்மாநிலத்தில் 1991 இலேயே தொடங்கியிருந்த வழக்கு ஒன்றில், பாடசாலைகளுக்கு நிதி வழங்கும் முறை மாநில அரசியலமைப்புக்கு முரணானது என்று 1997 இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2000 இலும் 2002 இலும் மீண்டும் அவ்வாறே சொல்ல வேண்டியிருந்தது. தீர்ப்பு வந்தாலும் விதி இலகுவில் மாறுவதில்லை என்பதற்கு இது சான்று.

கிராமத்தவராகிய எமக்கு இன்னும் நெருக்கமானது தென் கரோலினா மாநிலத்தின் கதை. அங்கே பெருந்தெரு ஒன்றின் வழியே பரந்திருக்கும் ஏழைக் கிராமங்களின் பாடசாலைகளைப் பற்றி, ‘வெட்கத்தின் பாதை’ என்று பொருள்படும் பெயரில் பட் ஃபெரில்லோ என்பவர் 2005 இல் படம் எடுத்தார். இப்பகுதியில் டில்லன் என்ற சிறிய ஊரின் பாடசாலையில் ஒரு பகுதி 1896 இல் கட்டப்பட்டது. அருகே புகையிரதம் ஓடும்போதெல்லாம் ஆசிரியர் கற்பித்தலை நிறுத்த வேண்டியிருந்தது. 2009 இல் அப்பாடசாலையில் எட்டாம் வகுப்பில் கற்ற ஒரு மாணவி, உதவி கோரி நாடாளுமன்றத்துக்குக் கடிதம் எழுதினாள். சனாதிபதி ஒபாமா தமது உரையில் அதை எடுத்துச் சொன்னார். பின்னர் அவ்வூருக்குப் புதிய பாடசாலைக் கட்டடம் கிடைத்தது.

இங்கே நாம் நிதானமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அக்கிராமப் பகுதிப் பாடசாலை நிர்வாகங்கள் மாநிலத்துக்கு எதிராக 1993 இல் தொடுத்த வழக்கில் 2014 இல்தான் அவற்றுக்குச் சார்பான தீர்ப்பு வந்தது. அதாவது 21 ஆண்டுகள். வழக்குத் தொடங்கியபோது முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை தீர்ப்பு வரும்போது பெற்றோராகியிருக்கலாம். 2017 இல் நீதிமன்றம் தனது மேற்பார்வையையும் முடித்துக்கொண்டது. மனதைத் தொடும் படமும் கடிதமும் ஒரு கட்டடத்தைப் பெற்றுத்தர உதவின. எல்லாப் பாடசாலைகளுக்கும் பொதுவான விதியை மாற்றுவது அதைவிட நீண்ட வேலையாக இருந்தது.

4. ஒரு பிள்ளையைத் தெரிந்தெடுக்கும் படங்கள்

இன்னொரு வகைப் படம் உண்டு. அதில் ஓர் ஏழைப் பிள்ளை இருக்கும். ஒரு நல்ல பாடசாலை இருக்கும். பிள்ளைக்கு அங்கே இடம் கிடைக்குமா என்பதே கதை. 2010 இல் வெளிவந்த ‘வெயிற்றிங் ஃபோர் சூப்பர்மான்’ என்ற அமெரிக்கப் படம் இவ்வகையானது. ஐந்து பிள்ளைகள் சிறப்புப் பாடசாலைகளில் இடம்பெறுவதற்காகச் சீட்டுக் குலுக்கலுக்குக் காத்திருக்கின்றனர். பார்ப்பவர் நெஞ்சு பதைக்கும். ஆனால் சாதாரண அரசாங்கப் பாடசாலையின் தாழ்வுக்குக் காரணம் ஆசிரியரும் அவர்களது தொழிற்சங்கமுமே என்ற எண்ணத்தை அது விதைத்ததாகக் கண்டனம் எழுந்தது. நியூயோர்க் நகர ஆசிரியர்களும் பெற்றோரும் அடுத்த ஆண்டே தாங்களாக ஒரு மறுப்புப் படத்தை எடுத்து இலவசமாக வழங்கினர். தம்மைப் பற்றிப் பிறர் சொன்ன கதையை ஏற்க மறுத்துத் தம் கதையைத் தாமே சொன்ன அச்செயல் எமக்கும் முன்மாதிரி.

தமிழ்நாட்டிலும் இத்தகைய படம் ஒன்று எடுக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 1997 இல் தொடங்கப்பட்ட சாந்தி பவன் என்ற விடுதிப் பாடசாலை, மிக வறிய குடும்பங்களிலிருந்து பிள்ளைகளை நான்கு வயதளவில் எடுத்து இலவசமாகக் கற்பிக்கிறது. அங்கே கற்ற பெண் பிள்ளைகளை ஆண்டுக் கணக்கில் பின்தொடர்ந்து வனெசா றோத் எடுத்த நான்கு பகுதிப் படம் 2017 இல் வெளிவந்தது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்தார். அப்பாடசாலை ஒரு குடும்பத்திலிருந்து ஒரு பிள்ளையை மட்டுமே எடுக்கிறது. தெரிந்தெடுக்கப்பட்ட பிள்ளை தன் முழுக் குடும்பத்தையும் தூக்கிவிட வேண்டும் என்ற பாரத்தைச் சுமப்பதைப் படம் மறைக்காமல் காட்டுகிறது. அது அப்படத்தின் நேர்மை. ஆனால் வீட்டில் தங்கிவிட்ட தம்பியும் தங்கையும் சென்ற அரசாங்கப் பாடசாலை எப்படி இருந்தது என்பது அதன் கதையல்ல.

நல்ல உள்ளத்தோடு செய்யப்படும் அப்பணியைக் குறை கூறுவது எமது நோக்கமல்ல. ஆயினும் ஒரு பிள்ளை தப்பிச் செல்வதைக் கொண்டாடும் படம், எதிலிருந்து தப்ப வேண்டியிருந்தது, ஏனைய பிள்ளைகள் எங்கே என்ற வினாக்களை எம்மிடமிருந்து மறைத்துவிடக்கூடும். எமது நாட்டின் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையும் இவ்வாறான ஒரு தெரிவுதான். சித்தியடைந்த பிள்ளையின் படத்தைப் பத்திரிகையில் போடுகிறோம். கெட்டிக்காரப் பிள்ளைகள் போன பின்னர் கிராமப் பாடசாலையின் ஆறாம் வகுப்பு எப்படி இருக்கிறது என்பதை எவரும் படம் எடுப்பதில்லை.

5. எமது பாடசாலைகளைப் படமாக்கினால்

இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. பெரும்பாலான உதவி நன்கொடைப் பாடசாலைகள் 1960, 1961 ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் அரசாங்கத்தின் கீழ் வந்தன. யாழ்ப்பாணத்தில் பல பாடசாலைகளின் பெயரில் அ.மி.த.க., றோ.க.த.க. என்ற எழுத்துக்கள் அந்த மிஷன் காலத்தின் நினைவாக இன்னும் நிற்கின்றன. 1980 முதல் இலவசப் பாடநூல்களும், 1993 முதல் இலவசச் சீருடையும் கிடைக்கின்றன. ஆகவே கமரா ஒரு வகுப்பறைக்குள் நுழைந்தால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வெள்ளைச் சீருடையோடும் ஒரே பாடநூலோடும் இருப்பர். எமது சமத்துவமின்மை அச்சீருடைக்குள் மறைந்திருக்கிறது.

நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசாங்கப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1 ஏபி வகைப் பாடசாலைகள் சுமார் 1,000 மட்டுமே. 100 மாணவருக்கும் குறைவான பாடசாலைகள் 3,000 க்கு மேல் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் எப்படி உண்டாகிறது? வசதியுள்ள பெற்றோர் பிள்ளையை வானில் ஏற்றி நகரப் பாடசாலைக்கு அனுப்புகின்றனர். மாணவர் தொகை குறைய, ஆசிரியர் தொகையும் குறைகிறது. ஆசிரியர் குறைய, எஞ்சிய பெற்றோரில் இன்னும் சிலர் பிள்ளையை மாற்றுகின்றனர். கடைசியில் கூலி வேலை செய்வோரின் பிள்ளைகளும், மீளக் குடியமர்ந்து இன்னும் நிலைகொள்ளாத குடும்பங்களின் பிள்ளைகளும் மட்டும் அங்கே மிஞ்சுகின்றனர். பெரிய கல்லூரிகளுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் பழைய மாணவர் சங்கங்கள் உண்டு. சிறிய ஆரம்பப் பாடசாலையில் அரிவரி கற்றவர்களும் அதே நகரங்களில் வாழ்கின்றனர். ஆனால் தம்மைப் பெரிய கல்லூரியின் பழைய மாணவராகவே அவர்கள் நினைவுகூருகின்றனர். 1990 இல் வலிகாமம் வடக்கு இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன. திரும்பி வந்து கட்டடம் எழுப்புவதிலும் பெரியதற்கும் சிறியதற்கும் வேறுபாடு இருந்தது.

2021 இல், கொவிட் காலத்தில், ஊவா மாகாணத்தின் போகிட்டியாவ என்ற காட்டுக் கிராமத்துப் பிள்ளைகள் தொலைபேசி அலை பிடிப்பதற்காகப் பாறையிலும் மரத்திலும் ஏறிப் பாடம் கற்ற காட்சி உலகச் செய்திகளில் வந்தது. மரத்தில் ஏறிய பிள்ளை எல்லார் மனதிலும் பதிந்தது. அதே வேளையில் கொழும்பில் தனி அறையில் மடிக்கணினியோடு இருந்த பிள்ளையை அதன் பக்கத்தில் வைத்துக் காட்டியிருந்தால், அலைக் கோபுரம் எங்கே அமைய வேண்டும் என்று தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியும் பிறந்திருக்கும்.

6. பிள்ளையின் முகம் யாருக்குச் சொந்தம்?

பிரான்சு நாட்டின் மலைக் கிராமம் ஒன்றில் ஓராசிரியர் பாடசாலையைப் பற்றி நிக்கோலா பிலிபேர் எடுத்த படம் 2002 இல் வெளிவந்து பெருந்தொகையானோரைக் கவர்ந்தது. படம் இலாபம் ஈட்டியதும் அந்த ஆசிரியர் தமக்கும் பங்கு வேண்டும் என்று வழக்குத் தொடுத்தார். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சட்டம் எப்படி இருந்தாலும், படத்தில் தோன்றியவருக்கு அதன் பயனில் என்ன பங்கு என்ற கேள்வி நியாயமானதே.

வறிய பிள்ளையின் நிலை இன்னும் மெல்லியது. கிழிந்த சட்டையோடு ஒரு பிள்ளையைப் படம் பிடித்தால், அந்தப் படம் அப்பிள்ளை வளர்ந்து, மணம் முடித்து, வேலை தேடும் நாளிலும் எங்கோ ஒரு தொலைபேசியில் இருக்கும். சிறிய ஊரில் “உதவி வாங்கின பிள்ளை” என்ற பெயர் இலகுவில் அழியாது. ஆகவே அதிபரின் அனுமதியும் கல்வித் திணைக்களத்தின் அனுமதியும் மட்டும் போதா. பெற்றோரின் சம்மதமும் பிள்ளையின் விருப்பமும் வேண்டும். எடுத்த படத்தை வெளியிடுமுன் அவர்களுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் நீக்க வேண்டும். முகத்தைக் காட்டாமலே சொல்லக்கூடிய உண்மைகள் நிறைய உள்ளன. வரவு இடாப்பின் பத்து ஆண்டுப் பக்கங்களைப் படம் பிடித்தால் எந்தப் பிள்ளையின் மானமும் கெடாமல் ஒரு பாடசாலை தேய்ந்த கதையைச் சொல்லிவிடலாம்.

7. நாத்தான் சொன்ன கதை

சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 12 ஆம் அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி தாவீது அரசனுக்கு ஒரு கதை சொல்கிறார். ஒரே ஊரில் ஒரு செல்வந்தனும் ஓர் ஏழையும் இருந்தனர். ஏழையிடம் இருந்த ஒரேயொரு ஆட்டுக்குட்டியைச் செல்வந்தன் பறித்துத் தன் விருந்தாளிக்குச் சமைத்தான். நாத்தான் ஏழையின் வீட்டை மட்டும் காட்டவில்லை. இரண்டு வீடுகளையும், அவற்றுக்கிடையே நடந்ததையும் காட்டினார். தாவீது கோபத்தால் கொதித்து, அந்தச் செல்வந்தன் சாக வேண்டும் என்றான். அப்பொழுதே, அந்த மனிதன் வேறு யாருமல்ல, தாவீதே என்று தீர்க்கதரிசி அவன் முகத்துக்கு நேரே சொன்னார்.

பாடசாலைகளின் வறுமையைப் பார்த்துக் கண்கலங்கும் எம்மில் பலர், பிள்ளையை வானில் ஏற்றி அனுப்பும் பெற்றோராகவும், பெரிய கல்லூரிக்கு மட்டும் நன்கொடை அனுப்பும் பழைய மாணவராகவும் இருக்கிறோம். திருச்சபையும் இதற்கு விலக்கல்ல. மிஷன் காலத்துப் பெருங் கல்லூரிகளின் விழாக்களில் நாம் காட்டும் ஆர்வத்தைச் சிறிய பாடசாலைகளில் காட்டுவதில்லை. பிள்ளைக்கு நல்லதை விரும்புவது பெற்றோரின் குற்றமல்ல. ஆனால் எல்லாரும் தனித்தனியே செய்யும் நல்லது சேர்ந்து ஒரு கிராமப் பாடசாலையை வெறுமையாக்குகிறது என்பதை ஒப்புக்கொள்ளாமல் எடுக்கும் எந்தப் படமும் பாதிக் கதையையே சொல்லும்.

8. செய்து பார்க்கத்தக்கவை

அ) முற்றத்து மணலில் உங்கள் வட்டாரத்தின் வரைபடத்தைக் கீறுங்கள். பாடசாலை செல்லும் பிள்ளை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கல் வையுங்கள். பிள்ளை எந்தப் பாடசாலைக்குச் செல்கிறது, நடந்தா, துவிச்சக்கர வண்டியிலா, வானிலா என்பதை நூலால் இணைத்துக் காட்டுங்கள். நூல்கள் எந்தத் திசையில் குவிகின்றன என்று பாருங்கள்.

ஆ) அருகிலுள்ள இரண்டு அரசாங்கப் பாடசாலைகளைத் தெரிந்து, மாணவர் தொகை, ஆசிரியர் தொகை, கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் உள்ளனரா, மலசலகூடம், குடிநீர், கடைசியாகக் கட்டடம் கிடைத்த ஆண்டு ஆகியவற்றை ஒரே தாளில் அருகருகே எழுதுங்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இவ்விபரங்களை வலிகாமம் வலயக் கல்வி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும்.

இ) ஏதேனும் ஒரு பாடசாலைப் படத்தைக் கூடியிருந்து பார்த்துப் பின்வரும் வினாக்களைக் கலந்துரையாடுங்கள்:

1. இப்படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார்? எங்களிடம் எதை எதிர்பார்க்கிறார்?
2. எத்தனை பாடசாலைகள் காட்டப்பட்டன? காட்டப்படாத பாடசாலை எது?
3. யார் பேசினார்கள்? ஆசிரியர், தாய், பிள்ளை, அதிகாரி ஆகியோரில் எவருடைய குரல் இல்லை?
4. குறைக்குக் காரணமான விதி அல்லது தீர்மானம் எது என்று படம் சொல்கிறதா?
5. படத்தில் வந்த பிள்ளை பத்து ஆண்டுகளின் பின் இதைப் பார்த்தால் என்ன நினைக்கும்?
6. எங்கள் ஊர்ப் பாடசாலையைப் பற்றி நாங்களே படம் எடுத்தால், எங்களில் யார் அதில் வர விரும்பமாட்டோம்? ஏன்?

கடைசி வினாவுக்குப் போதிய நேரம் ஒதுக்குங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு (ஆ) இல் எழுதிய தாளைக் கொண்டுசெல்லுங்கள்.